பழைய டேர்போ டீசலுக்கு இழுவை கூட்டமுன்: எஞ்சினுக்குள் ஒளிந்திருக்கும் பழுதைத் தேடுவது எப்படி?

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டதும், வளவுக்குள் நிற்கும் பழைய டபுள் கெப்பையே திருத்தி ஓடலாம் என்று பலர் முடிவெடுத்துவிட்டார்கள். திருத்துவதோடு கதை நிற்காது. இன்டர்கூலர் (டேர்போ அமுக்கித் தள்ளும் காற்றைக் குளிராக்கும் சாமான்) போடலாமா, பெரிய டேர்போ பூட்டலாமா, பம்பில் டீசலைக் கொஞ்சம் கூட்டலாமா என்று நீளும்.

எல்லாம் செய்யலாம். ஆனால் சக்தி கூட்டினபிறகு எஞ்சின் போனால், அநேகமாக அந்தப் பழுது முன்னமே உள்ளே இருந்திருக்கும். சாமான் வாங்கக் காசை எடுக்கமுன் அதைத் தேடிப் பிடிப்பது எப்படி என்று புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன். மனதில் வைத்திருப்பது டொயோட்டாவின் 2எல்-டி, மிட்சுபிஷியின் 4டி56. இரண்டும் இரண்டரை லீற்றர் அளவு டேர்போ டீசல்கள், சூடேறினால் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) வெடிப்பு விடுவதற்குப் பேர்போனவை.

படி 1: றேடியேற்றர் மூடியில் தொடங்குங்கள்

காலையில், எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்கவேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, மண்ணிறச் சேறு இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள்.

பிறகு மூடியைப் பூட்டி எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைக் கையால் அமத்திப் பிடியுங்கள். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை, ஆனால் ஓரிரண்டு நிமிடத்திலேயே ஹோஸ் கல்லுப்போல இறுகிவிட்டதா? சூட்டால் வரும் அமுக்கம் அவ்வளவு கெதியாக வராது. எரிந்த வாயு தண்ணீருக்குள் தள்ளப்படுகிறது என்று அர்த்தம். ஹெட் கஸ்கட் (ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், அல்லது ஹெட்டே வெடித்திருக்கும். இது தெரிந்தால் மிச்சப் படிகளுக்குப் போகவேண்டாம், முதலில் ஹெட்டைக் கழற்றவேண்டும்.

இங்கே இன்னொரு தொல்லை. வன்னிக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படைதான் றேடியேற்றர் குழாய்களுக்குள்ளும் பிடிக்கிறது. கூலன்ட் ஊற்றாமல் வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீரே விட்ட வாகனம் என்றால், எஞ்சினைச் சூடாக்கி நிப்பாட்டிவிட்டு, ஃபேன் அசையாமல் நின்றபிறகு றேடியேற்றரின் முகத்தைப் பல இடங்களில் தொட்டுப் பாருங்கள். ஒரு பகுதி மட்டும் குளிராக இருந்தால் அங்கே குழாய் அடைத்துவிட்டது. அதற்கு முன்னால் இன்டர்கூலரை வைத்தால் வருகிற காற்றும் குறையும்.

படி 2: ஒயில் மூடி

எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அப்படியே மேலே வையுங்கள். மெல்லத் துடித்தால் பரவாயில்லை. மூடியைத் தூக்கி எறிந்துகொண்டு புகை புகையாகத் தள்ளினால் பிஸ்டன் றிங் தேய்ந்திருக்கலாம். சரியா என்று படி 5 சொல்லும்.

படி 3: டேர்போவைக் குற்றம் சொல்லமுன்

ஏர் கிளீனரிலிருந்து டேர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, அதன் உட்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் நிறம் வந்தால், நெருநெருவென்று கையில் அரைந்தால், ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. கிரவல் றோட்டில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போனவர்களுக்கு அது எவ்வளவு தூசி என்று தெரியும். அந்தத் தூசி டேர்போ இறக்கையின் நுனியையும் அரிக்கும், சிலிண்டரையும் அரிக்கும். ஃபில்டர் பெட்டியின் றப்பர் விளிம்பும் கிளிப்பும்தான் முதல் சந்தேகம்.

இனி டேர்போவின் நடுத்தண்டை இரண்டு விரலால் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது வழமை, அது ஒயில் படலத்துக்கான இடைவெளி. முன்னும் பின்னும் இழுக்கும்போது கைக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால், அல்லது இறக்கை சுவரில் உரசின கீறல் இருந்தால், டேர்போ முடிந்தது.

ஹோஸுக்குள் ஒயில் நனைந்திருந்தால் உடனே “டேர்போ போய்ட்டு” என்று சொல்லிவிடுவார்கள். பொறுங்கள். டேர்போவிலிருந்து ஒயில் கீழே இறங்குவது தன் பாரத்தில்தான். அந்தத் திரும்பும் குழாய் கரியால் அடைத்திருந்தாலோ, படி 2இல் பார்த்த அமுக்கம் ஒயிலை இறங்கவிடாமல் தடுத்தாலோ, நல்ல டேர்போவும் ஒயில் கக்கும். புது டேர்போ பூட்டினாலும் கக்கும். அதேபோல ஒயில் வரும் சின்னக் குழாயின் துளை போல்ட்டையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை கரியால் சுருங்கியிருந்தால் புது டேர்போவின் ஆயுள் நாட்கணக்குத்தான்.

படி 4: சோப்புத் தண்ணீர்

காற்று ஹோஸ்களில் கசிவு தேடுவதற்கு, டேர்போவின் வாயில் இறுக்கமாக நிற்கும் பிவிசி மூடி ஒன்றில் ரயர் வால்வு பொருத்தி, கிளிப் போட்டுப் பூட்டுங்கள். எஞ்சின் நிப்பாட்டியிருக்கவேண்டும். அந்த வால்வு வழியாக 10 பிஎஸ்ஐ அமுக்கத்துக்குக் காற்று அடித்தால் போதும். கூட அடித்தால் மூடி பறக்கும், நேராக முன்னுக்கு நிற்கவேண்டாம். ஹோஸ் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி பாருங்கள். எஞ்சின் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்று போவதால் அமுக்கம் மெல்ல இறங்குவது சரி. ஓரிடத்தில் சீறினால் அதுதான் கசிவு. கறுப்புப் புகைக்கு டீசல் பம்பைக் குறை சொன்ன பல வாகனங்களில், வெடித்த ஹோஸ் ஒன்றை மாற்றினதும் புகை நின்றிருக்கிறது.

படி 5: கொம்பிரஷன்

பெற்றோல் வாகன கேஜ் இதற்குச் சரிவராது. டீசலில் சிலிண்டருக்குள் அமுக்கம் 400 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறும். ஹீற்றர் பிளக் துளையில் பூட்டும் டீசல் கேஜ் உள்ள கராஜுக்குப் போங்கள். நான்கு சிலிண்டரின் எண்ணையும் எழுதி வாங்குங்கள். நான்கும் கிட்டக்கிட்ட இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு மட்டும் குறைவு என்றால் அவற்றுக்கு இடையில் கஸ்கட் எரிந்திருக்கும் சாத்தியம் அதிகம்.

படி 6: பெல்ட்டும் பம்பும்

எப்போது மாற்றினது என்று தெரியாத டைமிங் பெல்ட்டை மாற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். 4டி56இல் அதிர்வைக் குறைக்கும் சமநிலைத் தண்டுக்கென்று இன்னொரு சின்ன பெல்ட் இருக்கிறது. அது அறுந்து பெரிய பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போகும், ஆகவே இரண்டையும் சேர்த்து.

இந்த எஞ்சின்களில் பம்புக்கு வழுக்குத் தருவது டீசலேதான். போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே ஓடின வாகனம் என்றால் மண்ணெண்ணெயும் குடித்திருக்கலாம், அதில் வழுக்கு குறைவு. குளிரில் உடனே ஸ்டார்ட் ஆகி, சூட்டில் நிப்பாட்டினால் திரும்பப் பிடிக்க மறுக்கிறதா? அநேகமாகப் பம்ப் தேய்ந்துவிட்டது. அதன் ஸ்குரூவைத் திருகி டீசல் கூட்டுவது வீண் வேலை.

படி 7: பூட்டும் ஒழுங்கு

முதலில் கேஜ்: பூஸ்ட் (டேர்போ தள்ளும் காற்றின் அமுக்கம்), தண்ணீர்ச் சூடு, புகைச் சூடு மூன்றும். பிறகு றேடியேற்றர். பிறகு இன்டர்கூலர். டீசல் கடைசியில், பழைய இடத்தை அடையாளம் வைத்து, ஒரு தடவைக்குக் கால் சுற்றிலும் குறைவாக. ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், ஸ்குரூ திருகக் காசு தேவையில்லை என்பதால். “தம்பி, ஸ்குரூவைத் திருகினா முதல் புகை வரும், பிறகு இழுவை வரும், பிறகு ஹெட் கழண்டு வரும்” என்று கராஜ் அண்ணைமார் சொல்வது பகிடி இல்லை. டேர்போவுக்கு முன்னால் அளக்கும் புகைச் சூடு தொடர்ந்து 700 பாகை செல்சியஸைத் தொடவிடக்கூடாது.

படி 8: பாரம் ஏற்றி ஓடிப்பாருங்கள்

மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9இல் வெறுமையாக ஓடிவிட்டு “சூடே ஏறேல்லை” என்று சொல்வதில் அர்த்தமில்லை. வன்னி சமதரை, காற்றும் தாராளம். அதே ஏ9இல் தம்புள்ளை தாண்டி மாத்தளைப் பக்கம் ஏறும்போதுதான் குறை வெளியே வரும், அங்கே உங்களுக்குத் தெரிந்த கராஜ் இருக்காது. ஆகவே ஊரிலேயே நெல் மூட்டை ஏற்றி, ஏசி போட்டு, மத்தியான வெயிலில், கீழ்க் கியரில் ஓடுங்கள். கேஜ் முள் ஏறி ஓரிடத்தில் நின்றால் சரி. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் பாரத்தை இறக்கி, டீசல் ஸ்குரூவைப் பழைய அடையாளத்துக்குக் கொண்டுவந்து, திரும்பப் படி 1. வெடித்த ஹெட் என்று லேத்தில் சொன்னால், வெல்ட் பண்ணித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காமல் புது ஹெட்டாகப் போடுங்கள்.