பி.எஸ்சி. உளவியல்: புள்ளியியலிலும் பிராக்டிக்கலிலும் சறுக்காமல் படிக்க

கனவு, ஆழ்மனம், ஃப்ராய்டு என்று எதிர்பார்த்து உளவியல் சேர்பவர்களுக்கு முதலில் கையில் கிடைப்பது நியூரானும் புள்ளியியலும். பலருக்கு அரியர் விழுவதும் புள்ளியியலில்தான். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென ஆய்வகம் அமைத்த நாளிலிருந்தே இது அளந்து பார்க்கும் படிப்பு. அதை ஏற்றுக்கொண்டால் பாதி சிரமம் குறையும்.

புள்ளியியலுக்குத் தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாசித்தால் வராது, கையால் போட வேண்டும். 4, 6, 8, 10, 12 என்ற ஐந்து மதிப்பெண்களின் சராசரி 8. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 40. இதை 5ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 2.83, 4ஆல் வகுத்து எடுத்தால் 3.16. கையில் உள்ள ஐந்து பேரைப் பற்றி மட்டும் பேசினால் முதலாவது. அவர்களை மாதிரியாக வைத்துப் பெரிய கூட்டத்தை மதிப்பிட்டால் இரண்டாவது. இந்த வேறுபாடு பிடிபடாமல், சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனைக்குப் போகாதீர்கள்.

பிராக்டிக்கலில் முல்லர்-லயர் மாயையை எடுத்துக்கொள்வோம். சம நீளமுள்ள இரண்டு கோடுகளில், நுனிகள் உள்நோக்கி மடிந்த அம்புத்தலைக் கோடு சிறியதாகவும், வெளிநோக்கி விரிந்த இறகுத்தலைக் கோடு பெரியதாகவும் தெரிவதுதான் அது. அம்புத்தலைக் கோடு நிலையாக இருக்கும். இறகுத்தலைக் கோட்டை நகர்த்தி, இரண்டும் சமமாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். 20 முயற்சிகள் கொடுங்கள்: பத்து முறை கோட்டை நீளமாக வைத்துக் குறைத்து வருவது, பத்து முறை குட்டையாக வைத்து நீட்டுவது. ஒவ்வொரு பத்திலும் நிலைக்கோடு ஐந்து முறை இடப்பக்கம், ஐந்து முறை வலப்பக்கம். ஒரே திசையிலேயே நகர்த்தினால் அந்த அசைவின் பிழையும் மாயையோடு சேர்ந்துவிடும். எது எவ்வளவு என்று பிறகு பிரிக்க முடியாது. நிலைக்கோடு 15 செ.மீ., நிறுத்திய இடங்களின் சராசரி 13 செ.மீ. என்றால் பிழை 2 செ.மீ.

இங்கே அதிகம் கெடுப்பவை இரண்டு. கருவியின் பின்புற அளவுகோல் சோதனைக்கு உட்படுபவர் கண்ணில் படுவது ஒன்று. ஒவ்வொரு முறையும் “சரி”, “கொஞ்சம் தள்ளிப்போச்சு” என்று நீங்கள் சொல்வது இன்னொன்று. எண் எதிர்பார்த்தபடி வராவிட்டால் ரெக்கார்டு நோட்டில் திருத்தாதீர்கள். வந்ததை எழுதி, ஏன் அப்படி வந்திருக்கலாம் என்று விவாதப் பகுதியில் சொல்லுங்கள். வைவாவில் கேள்வி வருவதும் அங்கிருந்துதான்.

தியரிக்கு, ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதுங்கள். அன்றே ஒரு முறை, இரண்டு நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. மறதி தொடக்கத்தில்தான் வேகமாக நடக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்டார்; பாடத்தில் வரும் கண்டுபிடிப்பை உங்கள் படிப்புக்கே பயன்படுத்துங்கள். கோடு போட்டுப் போட்டு மறுபடி வாசிப்பது தெரிந்த மாதிரி ஒரு நம்பிக்கையைத் தரும், விடைத்தாளில் கைவிடும்.

எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். மாத்திரை போட்டதும் தலைவலி போகிறது. அதனால் அடுத்த முறையும் மாத்திரையைத் தேடுகிறோம். தொல்லை நீங்குவதால் செயல் கூடுகிறது, அதுதான் எதிர்மறை வலுவூட்டல். தண்டனையில் செயல் குறையும். ஒவ்வொரு கருத்துக்கும் வீட்டிலிருந்தே இப்படி ஓர் உதாரணம் எழுதி வையுங்கள்.

சேரும் முன்பே தெரிந்திருக்க வேண்டியது: இந்தப் பட்டத்தை மட்டும் வைத்து மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற முடியாது. அதற்கு மேற்படிப்பும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவும் வேண்டும். அந்தப் பக்கம் போக விரும்புபவர்கள், எந்தப் படிப்புக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறது என்பதை இரண்டாம் ஆண்டிலேயே அதன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.