புல்லட்டை க்ரூஸர் ஆக்க: பெயின்ட்டுக்கு முன்னால் அளக்கிற டேப்பை எடுங்க

"அண்ணே, க்ரூஸர் மாதிரி பண்ணிக் கொடுங்க" என்று புல்லட்டோடு வருகிற தம்பிகளிடம் நான் டேங்க், பெயின்ட் பற்றிப் பேசுவதே இல்லை. முதலில் ஏறி உட்காரச் சொல்வேன். தாழ்ந்த சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து நெடுந்தூரம் போகிற வண்டிதானே க்ரூஸர்; அது உட்காரும் விதம்தான்.

அளவுக்கு ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-ஐப் பாருங்கள். 2020-ல் வந்த வண்டி. சீட் உயரம் 765 மில்லிமீட்டர், முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 17. பின்னால் தாழ்ந்து முன்னால் நிமிர்ந்த அந்தத் தோரணையில் சக்கரத்துக்கும் பங்கு உண்டு.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்து கையை நீட்டுங்கள். தோள் இழுபடாமல் கை எங்கே நிற்கிறதோ, அங்கே கைப்பிடி வர வேண்டும். டேப்பில் அளந்து எழுதிய பிறகே ஹேண்டில்பார் வாங்குங்கள்.

பார் உயர்ந்தால் கேபிள் எட்டாது. என் முதல் வண்டியில் சோம்பல்பட்டு பழைய ஆக்ஸிலேட்டர் கேபிளையே இழுத்து மாட்டினேன். ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினேன். ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் உறுமியது! ஆக்ஸிலேட்டர், கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ் எல்லாம் நீளமாக மாற்றி, இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். சத்தம் துளியும் மாறக் கூடாது.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை இன்னும் சாய்க்கச் சொல்வார்கள். அந்தச் சாய்வுதான் ரேக்; ஃபோர்க் திரும்பும் அச்சு நேராகத் தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் ட்ரெயில். ரேக் கூடினால் ட்ரெயிலும் கூடும். ஹைவேயில் நேராக ஓடும், சந்தில் திருப்ப மல்லுக்கட்ட வேண்டும். அதோடு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு குறுக்கே நிற்கும். அதனால் ஃபோர்க்கைச் சாய்ப்பதற்காக ஃப்ரேமில் மட்டும் நான் வெல்டிங் வைப்பதில்லை.