டிராவல் ஏஜென்சியை வாங்கப் போகிறீர்களா? பேங்கில் கிடப்பது யார் பணம் என்று முதலில் பாருங்கள்

விற்கிறவர் எடுத்த எடுப்பில் காட்டுவது வருட விற்பனையைத்தான். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். 100-க்கு டிக்கெட் விற்று அதில் 96 விமான நிறுவனத்துக்குப் போகிறது என்றால் ஏஜென்சியின் வருமானம் வெறும் 4. அதனால் கமிஷன், சர்வீஸ் சார்ஜ், டூர் பேக்கேஜில் நிற்கும் லாபம், வருடக் கடைசியில் வரும் இன்சென்டிவ் இதையெல்லாம் தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். குறைந்தது மூன்று வருடத்துக்கு, மாதவாரியாக.

அப்புறம் பேங்க் இருப்பு. நிறைய பேர் வழுக்கி விழுவது இங்கேதான். கணக்கில் பணம் கொழித்துக்கொண்டிருக்கும், ஆனால் அதில் பெரும்பங்கு டிசம்பரில் போகப்போகிற டூருக்கு வாடிக்கையாளர்கள் ஜூனிலேயே கட்டிய முன்பணம், ஓட்டலுக்கும் பஸ்ஸுக்கும் அதிலிருந்து இன்னும் ஒரு பைசா போயிருக்காது. அது சொத்து இல்லை, கடன். இனி நடக்க வேண்டிய ஒவ்வொரு பயணத்துக்கும் வாங்கியது எவ்வளவு, சப்ளையருக்குக் கொடுத்தது எவ்வளவு, இன்னும் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று ஒரு பட்டியல் வாங்குங்கள். கொடுக்க வேண்டியதன் மொத்தம், பேங்க் இருப்பையும் வாடிக்கையாளர்கள் இனிமேல் கட்ட வேண்டிய பாக்கியையும் சேர்த்தாலும் தாண்டிப்போகிறது என்றால், புது ஆள் பணத்தில் பழைய ஆளை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய பெயர், பெரிய பெயர் என்பதெல்லாம் இதற்குப் பதில் ஆகாது. 1841-இல் முதல் பயணத்தை நடத்திய பிரிட்டிஷ் டிராவல் கம்பெனி தாமஸ் குக், 2019 செப்டம்பர் 23 அன்று கடன் தாங்காமல் மூடியபோது சுமார் 6 லட்சம் பேர் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள்.

பட்டியலை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஒரு இருபது புக்கிங் ஃபைலை எடுங்கள், அவர்கள் எடுத்துத் தருவதை இல்லை, நீங்களே கை வைத்து எடுப்பதை. ரசீது, டிக்கெட், சப்ளையர் பில், பேங்க் ஸ்டேட்மென்ட் நான்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கேன்சலான டிக்கெட்டுகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனம் நாலு மாதத்துக்கு முன்பே ரீஃபண்ட் கொடுத்திருக்கும், வாடிக்கையாளருக்குப் போயிருக்காது, கணக்கில் "இதர வருமானம்" என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் இருபதோடு நிறுத்தாதீர்கள்.

அயாட்டா, அதாவது விமான நிறுவனங்களின் சர்வதேச சங்கத்தின், அங்கீகாரம் இருக்கும் ஏஜென்சி என்றால், கடை கைமாறியதும் அது தானாக உங்களுக்கு வந்துவிடாது. உரிமையாளர் மாறுவதை அயாட்டாவுக்குத் தெரிவித்தாக வேண்டும், புதிதாக பேங்க் கேரண்டி கேட்கவும் வாய்ப்புண்டு. விமான நிறுவனங்களுக்கு டிக்கெட் பணம் செலுத்த அயாட்டா நடத்தும் பிஎஸ்பி கணக்கில் தவணை தவறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்தது ஏடிஎம். பணம் கொடுக்கும் மெஷின் இல்லை, பணம் பிடுங்கும் காகிதம்: ஏஜென்சி டெபிட் மெமோ. கட்டணத்தைத் தப்பாகப் போட்டது, விதியை மீறி டிக்கெட் அடித்தது போன்றவற்றுக்கு விமான நிறுவனம் அனுப்பும் பில். பயணம் முடிந்து மாதக்கணக்கான பிறகும் வரும், அதாவது பழைய முதலாளி செய்த தப்புக்கு நீங்கள் கட்டுவீர்கள்.

ஏஜென்சிகள் டிக்கெட் புக் செய்யும் கம்ப்யூட்டர் சிஸ்டங்களான அமேடியஸ், சேபர், டிராவல்போர்ட் இவற்றில் எதோடு ஒப்பந்தம் என்று கேட்டு அதை முழுசாகப் படியுங்கள். இத்தனை செக்மென்ட் (பயணத்தில் ஒவ்வொரு விமானமும் ஒரு செக்மென்ட்) புக் செய்வேன் என்று சொல்லி முன்கூட்டியே போனஸ் வாங்கியிருந்தால், இலக்கு எட்டாதபோது திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள்.

கார்டு சார்ஜ்பேக் (கார்டில் கட்டியவர் ஆட்சேபித்து பேங்க் மூலம் திரும்ப எடுக்கும் பணம்), வரி பாக்கி, வழக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் எந்த வியாபாரத்துக்கும் உள்ளதுதான், ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். ஆடிட்டர் பார்க்காதது ஒன்று உண்டு. பெரிய கம்பெனி வாடிக்கையாளர்கள் யாருடைய மொபைலுக்குக் கூப்பிடுகிறார்கள்? பல இடத்தில் அது முதலாளி இல்லை, பத்து வருடமாக கவுண்டரில் இருக்கும் ஒரே ஒரு ஊழியர். அவர் கிளம்பினால் அந்த வாடிக்கையாளரும் கூடவே கிளம்பிவிடுவார். விற்பவர் சம்மதத்தோடு, கையெழுத்துக்கு முன்பே அந்த ஊழியரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இவ்வளவும் பார்த்து சரி என்று பட்டாலும் முழுப் பணத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ஒரு பங்கை ஒரு வருடமாவது பிடித்து வைத்து, பழைய டிக்கெட்டுக்கு வரும் ஏடிஎம்மும் ரீஃபண்டும் அதிலிருந்துதான் கழியும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அதற்கு விற்பவர் முகம் சுளித்தால் மறுபடி அந்த ஃபைல்களை எடுத்து உட்காருங்கள்.