கவுண்டி போலீஸ் அறிக்கையும் நீதிமன்ற ஆவணமும் பெறுவது எப்படி? சாண்டா கிளாரா கவுண்டியை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா? வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும், பதிவு பின்னர் நீக்கப்பட்டிருந்தாலும், விடை ‘ஆம்’ என்றுதான் இருக்க வேண்டும். அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கு நீதிமன்றத்தின் சான்றிட்ட நகலையும் இணைக்க வேண்டும். நம்மவர்களில் பலர் கவுண்டி அலுவலகங்களைத் தேடி அலையத் தொடங்குவது இந்த இடத்தில்தான். விபத்துக் காப்பீடு, திருட்டுப் புகார், குடும்ப வன்முறை என்று வேறு காரணங்களுக்காகத் தேடுகிறவர்களும் உண்டு.

அலைச்சல் பெரும்பாலும் தவறான அலுவலகத்தில் கேட்பதால் வருகிறது. ஒரே சம்பவத்தின் காகிதங்கள் நான்கு இடங்களில் கிடக்கும். ஒரு அலுவலகத்தில் இருப்பது அடுத்த அலுவலகத்தில் இருக்காது. எது எங்கே இருக்கிறது என்பதைப் பிடித்துவிட்டால் மீதி வேலை எளிது. கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள் இருக்கின்றன. தமிழர்கள் நிறைய வாழும் சாண்டா கிளாரா கவுண்டியை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

குடிமக்கள் அல்லாதவர்கள் கேட்க முடியாதோ என்ற அச்சத்தை முதலில் நீக்கிவிடுகிறேன். இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமானது. கலிஃபோர்னியாவின் பொதுப் பதிவேடுகள் சட்டம் 1968 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது ‘எந்த நபரும்’ கேட்கலாம் என்கிறது. விசா எதுவாக இருந்தாலும் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

படி 1: சம்பவம் யாருடைய எல்லையில் நடந்தது?

‘சான் ஹோசே பக்கம்’ என்ற நினைவு போதாது. இந்தக் கவுண்டியில் 15 நகரங்கள் இருக்கின்றன; பெரும்பாலான நகரங்களுக்குச் சொந்தப் போலீஸ் துறை உண்டு. ஆனால் கூப்பர்டினோ, சரடோகா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் ஆகிய மூன்றும் போலீஸ் பணிக்காகக் கவுண்டி ஷெரிஃப் துறையோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. கூப்பர்டினோவில் உங்கள் வீட்டுக்குள் திருடன் புகுந்தால் அறிக்கை ஷெரிஃபிடம் இருக்கும். பக்கத்து ஊரான சன்னிவேலில் போலீசும் தீயணைப்பும் ஒரே துறை; அதன் பெயர் பொதுப் பாதுகாப்புத் துறை. 101, 280, 880 போன்ற நெடுஞ்சாலைகளில் நடந்த விபத்து என்றால், எந்த நகரத்தின் வழியாகச் சாலை போனாலும், கலிஃபோர்னியா ஹைவே பேட்ரோலிடம்தான் கேட்க வேண்டும். மில்பீடாஸைத் தாண்டி ஃப்ரீமான்ட்டுக்குள் போய்விட்டால் கவுண்டியே மாறிவிடுகிறது, அது அலமீடா.

சம்பவ இடத்தில் அதிகாரி கொடுத்த சிறு சீட்டையோ அட்டையையோ தேடிப் பாருங்கள். அதில் துறையின் பெயரும் அறிக்கை எண்ணும் இருக்கும். எண் கிடைக்காவிட்டால் தேதி, தோராயமான நேரம், தெருச் சந்திப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எந்தக் காகிதம் வேண்டும்?

ஒரு எடுத்துக்காட்டைப் பாருங்கள். 280-இல் மது அருந்தி வண்டி ஓட்டியதாக ஒருவரை ஹைவே பேட்ரோல் நிறுத்துகிறது. அதிகாரி எழுதிய அறிக்கை ஹைவே பேட்ரோலிடம் தங்கிவிடும். அவர் அன்றிரவு கவுண்டிச் சிறையில் வைக்கப்பட்டால் அந்தப் பதிவு ஷெரிஃபிடம் இருக்கும். வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி. அவர் குற்றச்சாட்டைத் தாக்கல் செய்த பிறகுதான் கவுண்டியின் விசாரணை நீதிமன்றமான சுப்பீரியர் நீதிமன்றத்தில் ஒரு கோப்பே பிறக்கிறது. வாய்தாக்கள், குற்ற ஒப்புதல், தண்டனை, தள்ளுபடி எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும்.

குடியேற்றத் துறை கேட்பது இதில் கடைசிக் காகிதம்: வழக்கின் முடிவைச் சொல்லும் ‘டிஸ்பொசிஷன்’. போலீஸ் அறிக்கையை மட்டும் இணைத்து அனுப்பினால் அது அந்த இடத்தை நிரப்பாது.

கைது நடந்தும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி வழக்குத் தொடுக்காமல் விட்டுவிட்டால் நீதிமன்றத்தில் எதுவும் இருக்காது. அப்போது ‘எங்களிடம் இப்படி ஒரு வழக்கு இல்லை’ என்ற கடிதத்தை நீதிமன்றத்திலும், ‘குற்றச்சாட்டு தாக்கல் செய்யப்படவில்லை’ என்ற கடிதத்தை டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகத்திலும் கேளுங்கள். இல்லாத ஒன்றுக்கும் எழுத்தில் சான்று வேண்டும்.

சாதாரணப் போக்குவரத்து அபராதத்துக்கு இத்தனை பாடு தேவையில்லை. கைது இல்லை, மதுவோ போதைப் பொருளோ சம்பந்தப்படவில்லை, அபராதம் 500 டாலருக்குள் என்றால் என்-400 படிவத்துக்கு ஆவணம் இணைக்க வேண்டியதில்லை.

படி 3: போலீஸ் அறிக்கையைக் கேட்பது

நம் ஊரில் புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு பெரும்பாலான எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்திலும் ஏறுகின்றன. அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் ஏமாற்றமாக இருக்கும். கலிஃபோர்னியாவில் விசாரணைக் கோப்புகளுக்கு விலக்கு உண்டு. வழக்கு முடிந்து பல ஆண்டுகள் ஆனாலும் அந்த விலக்கு தொடரும். ஆகவே நீங்கள் யார் என்பதைப் பொறுத்துத்தான் கிடைப்பது அமையும்.

சாலை விபத்து என்றால் ஓட்டுநர், பயணி, வண்டியின் உரிமையாளர், காயம்பட்டவர், இவர்களின் வழக்கறிஞர், காப்பீட்டு நிறுவனம் ஆகியோர் அறிக்கையைப் பெறலாம். ஹைவே பேட்ரோலிடம் கேட்க ‘சி.எச்.பி. 190’ என்ற படிவம் இருக்கிறது. அதை நிரப்பி, அடையாள அட்டையின் நகலோடும் கட்டணத்தோடும், விபத்தைப் பதிவு செய்த வட்டார அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தலைமையகத்துக்கு அனுப்பினால் தாமதமாகும்.

திருட்டு, கொள்ளை, வண்டித் திருட்டு போன்றவற்றில் பாதிக்கப்பட்டவருக்கும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்கும் சம்பவ விவரங்களைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. துறையின் ‘ரெக்கார்ட்ஸ்’ பிரிவில் அறிக்கை எண்ணையும் அடையாள அட்டையையும் காட்டிக் கேளுங்கள்.

அடுத்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பெண்கள் பலருக்கு இது தெரிவதில்லை. குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்டவர் தன் புகார் அறிக்கையின் நகலைக் கலிஃபோர்னியாவில் இலவசமாகப் பெறலாம். குடும்பச் சட்டத்தின் 6228-ஆம் பிரிவு இதற்குக் கெடுவும் வைத்திருக்கிறது. அறிக்கையின் முகப்புப் பக்கத்தைக் கேட்ட 48 மணி நேரத்துக்குள்ளும், முழு அறிக்கையை ஐந்து வேலை நாட்களுக்குள்ளும் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மட்டும் முகப்புப் பக்கத்துக்கு ஐந்து, முழு அறிக்கைக்குப் பத்து வேலை நாட்கள்வரை நீளலாம். பாலியல் வன்கொடுமை, பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல், முதியோர் கொடுமை ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும். கவுன்டரில் கட்டணம் கேட்டாலோ, ‘வழக்கு முடியட்டும்’ என்று திருப்பி அனுப்பினாலோ, இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கணவரின் விசாவைச் சார்ந்து வாழும் பெண்ணுக்கு அந்த அறிக்கை பின்னாளில் எத்தனையோ இடங்களில் கைகொடுக்கும்.

சம்பவத்தோடு நேரடித் தொடர்பு இல்லாதவர்களுக்குப் பொதுப் பதிவேடுகள் சட்டம்தான் வழி. கைதானவரின் பெயர், கைது நேரம், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை, புகார் வந்த நேரம், இடம் ஆகியவை அதன்கீழ் கிடைக்கலாம். 2019 தொடக்கத்திலிருந்து போலீசார் துப்பாக்கியால் சுட்ட சம்பவங்கள், உறுதி செய்யப்பட்ட சில வகை முறைகேடுகள் பற்றிய கோப்புகளும் திறக்கப்பட்டிருக்கின்றன.

வாயால் கேட்கவும் சட்டம் அனுமதிக்கிறது. இருந்தாலும் எழுதிக் கேளுங்கள், தேதி பதிவாகும். பெரும்பாலான நகரங்களின் இணையதளத்தில் இதற்கென விண்ணப்பப் பக்கம் உண்டு. ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்:

“கலிஃபோர்னியா பொதுப் பதிவேடுகள் சட்டத்தின்கீழ், இந்தத் தேதியில் இந்த முகவரியில் நடந்த சம்பவம் தொடர்பான பின்வரும் பதிவுகளைக் கேட்கிறேன். மின்னணு வடிவில் இருந்தால் அப்படியே அனுப்பவும். ஏதேனும் பகுதியை மறுத்தால், எந்த விலக்கின்கீழ் மறுக்கிறீர்கள் என்று குறிப்பிட்டு மீதியைத் தரவும். கட்டணம் இத்தனை டாலரைத் தாண்டினால் முதலில் தெரிவிக்கவும்.”

‘எல்லாப் பதிவுகளும்’ என்று எழுதாதீர்கள். குறுகக் கேட்டால் விரைவில் கிடைக்கும். பத்து நாட்களுக்குள் தரமுடியுமா முடியாதா என்று அலுவலகம் பதில் சொல்ல வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் 14 நாட்கள்வரை நீட்டிக்கலாம். இது பதிலுக்கான கெடு. காகிதம் கையில் வர அதைவிடக் கூடுதல் நாள் ஆகலாம். நகலெடுக்கும் நேரடிச் செலவை வாங்கலாம். ஹேவர்ட் நகரத்துக்கு எதிரான வழக்கில், போலீஸ் உடல் கேமரா காட்சிகளில் மறைக்க வேண்டியதை மறைக்கும் வேலைக்குக் கட்டணம் வசூலிக்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

படி 4: நீதிமன்றக் கோப்பு

வழக்குக் கோப்புகள் பொதுப் பதிவேடுகள் சட்டத்தின்கீழ் வருவதில்லை. நீதிமன்றத்துக்குத் தனி விதிகள் உண்டு. அங்கே அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதிக் காத்திருப்பது வீண். நேராக நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். நீதிமன்றக் கோப்பு திறந்தே இருக்கும் என்பதுதான் பொது விதி. சிறார் வழக்குகள், தத்தெடுப்பு, நீதிமன்றம் முத்திரையிட்டு மூடியவை போன்றவை பொதுமக்களுக்குத் திறந்திருக்காது.

முதலில் வழக்கு எண்ணைக் கண்டுபிடியுங்கள். சுப்பீரியர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் பெயரை இட்டுத் தேடலாம். நம் பெயர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். தந்தை பெயரைக் கடைசிப் பெயராகக் கொடுத்தவர், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்ததால் விசாவில் முதற்பெயர் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பதிவானவர், செந்தில்குமாரைச் செந்தில் என்றும் குமார் என்றும் பிரித்து எழுதியவர் என்று எல்லோரையும் கவுன்டரில் இருப்பவர் தனக்குத் தெரிந்தபடி ஏற்றியிருப்பார். பெயரை முன்பின் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சேர்த்தும் பிரித்தும் பாருங்கள். அந்தக் காலத்து ஓட்டுநர் உரிமத்தில் என்ன எழுத்துக்கோவை இருந்ததோ அதைக் கொண்டு தேடுங்கள். வேறொருவரின் வழக்கை உங்களுடையது என்று எடுத்துக்கொள்ளாமலிருக்கப் பிறந்த தேதியை எழுத்தரிடம் சொல்லிச் சரிபாருங்கள்.

சிவில் வழக்கின் ஆவணங்களை வீட்டிலிருந்தே பார்க்க முடியலாம். குற்றவியல், குடும்ப வழக்குகளின் ஆவணங்களை மாநில விதிகளின்படி பொதுமக்கள் பொதுவாக நீதிமன்றத்துக்கு நேரில் போய்த்தான் பார்க்க முடியும். குற்றவியலுக்கு சான் ஹோசேயில் உள்ள ஹால் ஆஃப் ஜஸ்டிஸ், விவாகரத்து முதலியவற்றுக்குக் குடும்ப நீதி மையம். கிளம்பும் முன் கவுன்டர் நேரத்தை இணையதளத்தில் பாருங்கள்.

கட்டணம் மாநிலம் முழுவதும் ஒன்று: நகலுக்குப் பக்கம் 50 சென்ட், ஒரு ஆவணத்துக்குச் சான்றிட 40 டாலர். எழுத்தர் தேடுவதற்குப் பத்து நிமிடத்துக்கு மேலானால் 15 டாலர். சான்று முத்திரை ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனித்தனியாகக் கணக்காகும் என்பதால் எல்லாவற்றுக்கும் சான்று கேட்காதீர்கள். குடியேற்றத் துறைக்கு என்றால் முடிவைக் காட்டும் ஆவணமும், குற்றச்சாட்டுப் பத்திரமும் போதுமா என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பழைய வழக்கு என்றால் தாமதிக்காதீர்கள். சிறு குற்ற வழக்குகள் பலவற்றின் கோப்பை ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. மது அருந்தி ஓட்டிய வழக்குக்குப் பத்து ஆண்டுகள். கோப்பு அழிந்திருந்தால் ‘விதிப்படி அழிக்கப்பட்டது’ என்று சான்றிட்ட கடிதம் கேட்டு வாங்குங்கள்.

படி 5: எந்த ஊர், எந்த ஆண்டு என்பதே நினைவில்லை என்றால்

உங்கள் சொந்தக் குற்றப் பதிவை மாநில அரசின் நீதித் துறையிடமே (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) கேட்கலாம். ‘லைவ் ஸ்கேன்’ நிலையத்தில் விரல் ரேகை பதிந்து, ரேகை எடுக்கும் கட்டணத்தோடு துறைக்கு 25 டாலர் செலுத்த வேண்டும். வேறு மாநிலங்களில் வாழ்ந்தவர் எஃப்.பி.ஐ.யிடம் 18 டாலருக்குப் பெறலாம். இரண்டிலும் கைது செய்த துறையும் தேதியும் வரும். அங்கிருந்து படி 1-க்குப் போகலாம்.

‘யாருடைய பதிவையும் நொடியில் காட்டுகிறோம்’ என்று பணம் கேட்கும் தனியார் தளங்கள் பக்கம் போகாதீர்கள். ஒரே பெயருள்ள இருவரைக் குழப்பிவிடுவது அங்கே சகஜம். அவர்கள் தரும் காகிதத்தை எந்த அலுவலகமும் சான்றாக ஏற்காது.

மறுத்துவிட்டால்?

எழுத்தில் கேட்ட பொதுப் பதிவேடுகள் கோரிக்கையை மறுத்தால், பதிலும் காரணத்தோடு எழுத்தில் வர வேண்டும். நம் ஊரில் இருப்பதுபோல் மேல்முறையீட்டு அதிகாரியோ தகவல் ஆணையமோ கலிஃபோர்னியாவில் இல்லை. அடுத்த வாசல் சுப்பீரியர் நீதிமன்றம்தான். வென்றால் உங்கள் வழக்கறிஞர் கட்டணத்தை அந்த அலுவலகமே தர வேண்டும். அதற்கு முன், கோரிக்கையைச் சுருக்கி ஒருமுறை மீண்டும் எழுதிப் பாருங்கள். கேள்வி அகலமாக இருந்ததால் மறுப்பு வந்திருக்கலாம்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் சட்டத்தின் பெயரையும் கெடுவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். டெக்சாஸில் கடுங்குற்றக் கோப்பு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமும் சிறு குற்றக் கோப்பு பெரும்பாலும் கவுண்டி கிளார்க்கிடமும் இருக்கும். நியூ ஜெர்சியில் பொதுக் கோரிக்கைக்குக் கெடு ஏழு வேலை நாட்கள். வர்ஜீனியா கேட்கும் உரிமையை அம்மாநிலத்தவருக்கு மட்டும் என்று வரம்பிடுகிறது; அது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது.

சான்றிட்ட நகல் கையில் வந்ததும் கவுன்டரிலேயே நின்று பெயர், வழக்கு எண், தேதி, முத்திரை நான்கையும் சரிபாருங்கள். வீட்டுக்கு வந்து ஸ்கேன் எடுக்கும்போது பக்கங்களைக் கோத்திருக்கும் பின்னைக் கழற்றாதீர்கள். கழற்றிய தடம் தெரிந்தால் சில அலுவலகங்கள் அந்த நகலை ஏற்க மறுத்து, இன்னொரு 40 டாலர் செலவு வைத்துவிடும்.