டிரங்க் பெட்டியில் ஜெர்மன் வில்லை கிடைத்தால் எப்படிப் படிப்பது

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பட்டாளத்துக்குப் போன குடும்பங்கள் நிறைய. தாத்தாவின் டிரங்க் பெட்டியைக் கிளறினால் மெடல், டிஸ்சார்ஜ் புத்தகம், அதோடு எப்போதாவது ஜெர்மன் எழுத்து பொறித்த ஒரு தகடும் கிடைக்கும். பழைய நாணயம் விற்பவர்களிடம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். சிப்பாயை அடையாளம் காண மாட்டிவிடுகிற, டாக் டேக் என்று சொல்கிற அந்தக் கழுத்து வில்லையை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், தயவுசெய்து அதைத் தேய்க்காதீர்கள். பித்தளைச் செம்பு விளக்குகிற பழக்கத்தில் புளியையோ எலுமிச்சையையோ கையில் எடுத்துவிடுவோம், ஆனால் இந்த வில்லைகளில் நிறைய துத்தநாகத்தால் ஆனவை, புளிப்பு பட்டால் துத்தநாகம் கரையும், எழுத்தும் அதோடு போய்விடும். மண் இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். எழுத்து தெரியவில்லையா, அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட வில்லையைத் தொடுகிற மாதிரி படுக்க வைத்து அடியுங்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கிறதே நடுகற்கள், அதுபோல தேய்ந்த எழுத்தைப் படிக்கிறவர்களும் இப்படித்தான் வெளிச்சம் விடுவார்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வடிவத்தைப் பாருங்கள். பாதி விஷயம் அதிலேயே முடிந்துவிடும்.

முட்டை வடிவம், ஏறக்குறைய 7 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், நடுவில் குறுக்கே வரிசையாக மூன்று நீளமான கீறல்கள், ஒரு பாதியில் கயிறு கோக்க இரண்டு துளை, மறு பாதியில் ஒரு துளை: இது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய் அணிந்தது. பெரும்பாலும் அலுமினியம் அல்லது துத்தநாகம், இரண்டிலும் காந்தம் ஒட்டாது. செவ்வகமாக, நடுவில் உடைக்கத் தோதாகத் துளையிட்டு, இரண்டு பாதியிலும் 'ஸ்டாலாக்' என்ற சொல்லும் ஒரு எண்ணும் இருந்தால் அது ஜெர்மன்காரனுடையதே அல்ல. ஜெர்மானியர்கள் பிடித்து வைத்த கைதியின் வில்லை. நம் ஊர் டிரங்க் பெட்டியில் இருந்து வருவது இந்த இரண்டாவது வகை என்றால், பெரும்பாலும் அது உங்கள் தாத்தாவின் கழுத்திலேயே தொங்கியது. "எதிரியிடம் இருந்து எடுத்து வந்தது" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

முட்டை வடிவத்தில் பெயரைத் தேடாதீர்கள், தரைப்படை வில்லையில் பெயர் கிடையாது. மூன்று தகவல்தான்: படைப்பிரிவு, ஒரு எண், ரத்த வகை. இதே விஷயம் மறு பாதியிலும் இருக்கும், பெரும்பாலும் தலைகீழாக. படைப்பிரிவு சுருக்கெழுத்தில் இருப்பதால்தான் குழப்பம். ஐ.என்.எஃப். என்றால் இன்ஃபான்டெரி, காலாட்படை. ஈ.ஆர்.எஸ். என்றால் எர்ஸாட்ஸ், அதாவது புது ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து போர்முனைக்கு அனுப்புகிற பிரிவு. பி.டி.எல். (Btl) பட்டாலியன். பி.இசட். (Pz) பான்ஸர், டாங்கிப் படை. பி.ஐ. (Pi) பியோனியர், ராணுவப் பொறியாளர் பிரிவு, நம்ம சாப்பர் மாதிரி. ஜி.ஆர்.இ.என். என்று இருந்தால் கிரனடியர். 1942 அக்டோபரில் காலாட்படை ரெஜிமெண்டுகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், அதனால் அப்படிப் பொறித்த வில்லை பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. முன்னால் 2 போட்டு ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு இருந்தால் இரண்டாவது கம்பெனி. ரோமன் எண் இருந்தால் பட்டாலியன்.

இங்கேதான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். வில்லையில் இருப்பது அவன் சண்டை போட்ட பிரிவு இல்லை, வில்லையை அவனுக்குக் கொடுத்த பிரிவு. ஆள் சேர்ந்த இடத்தில் ஒரு எர்ஸாட்ஸ் பட்டாலியனில் வாங்கிய வில்லையோடு அவன் ரஷ்யாவுக்கும் போயிருப்பான், ஆப்பிரிக்காவுக்கும் போயிருப்பான். அதனால் பட்டாலியன் எண்ணை வைத்து "இவன் இந்தப் போரில் இருந்தவன்" என்று கதை கட்டி விற்கிறவர்களை நம்பாதீர்கள். எண் என்பது அந்தப் பிரிவின் பதிவேட்டில் அவனுக்குரிய வரிசை எண், பிறந்த தேதி இல்லை. தனியாக நிற்கிற ஏ, பி, ஏபி, ஓ ரத்த வகை, இனிஷியல் இல்லை. சிலவற்றில் ரத்த வகையே இருக்காது.

விமானப்படையில் ஐந்து இலக்க எண், சாய்கோடு, இன்னொரு எண் என்று வெறும் குறியீடாகவே பல இருக்கும். கடற்படை வில்லையில் 'கிரீக்ஸ்மரீன' என்ற சொல்லோடு பெயரும் வருவதுண்டு. முதல் உலகப் போர் என்றால் 1915-க்குப் பிறகு வந்தவற்றில் பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாமே உண்டு, படிக்கவும் சுலபம்.

போலி ஏராளம். எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) என்று பொறித்தது விலை போகும் என்பதால் அதைத்தான் அதிகம் அடித்து விற்கிறார்கள். கழுகும் ஸ்வஸ்திகாவும் பெரிதாக இருந்தால் வாங்க வேண்டாம், வழக்கமான வில்லையில் அந்த அலங்காரம் இருக்காது. அசலில் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்திருப்பார்கள், அதனால் வரி கொஞ்சம் ஏறி இறங்கும், ஆழமும் மாறும். எல்லாம் ஒரே அளவாக வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இப்போது முக்கியமான ஒன்று. சிப்பாய் இறந்தால் கீழ்ப் பாதியை உடைத்துத் தகவல் அனுப்ப எடுத்துக்கொள்வார்கள், மேல் பாதி உடலோடு இருக்கும். ஆக, மண்ணில் இருந்து தோண்டியது என்று சொல்லி ஒருவர் முழு வில்லையை விற்றால், அது யாருமே கணக்கில் எழுதாத, காணாமல் போனவனுடையதாக இருக்கலாம். அந்த எலும்புக்குப் பெயர் கொடுக்கக்கூடிய ஒரே பொருள் அது. அதைப் பிரித்தெடுத்து விற்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வியாபாரம். இந்த எண்களுக்கான பதிவேடுகள் 1939-ல் பெர்லினில் தொடங்கிய ஒரு தகவல் அலுவலகத்தில் இருந்தன, 2019 முதல் அது ஜெர்மனியின் தேசிய ஆவணக் காப்பகமான புண்டஸ்ஆர்கிவோடு சேர்ந்துவிட்டது. உங்கள் கையில் அப்படி ஒன்று இருந்தால் எழுத்தை அப்படியே நகல் எடுத்து, போட்டோவோடு அங்கே எழுதுங்கள்.

இனி செவ்வக வில்லை, அதாவது நம் ஆட்களுடையது. ஸ்டாலாக் என்பது சாதாரண சிப்பாய்களுக்கான கைதி முகாம், ஓஃப்லாக் என்றால் அதிகாரிகளுக்கானது. அதை அடுத்து வரும் ரோமன் எண் ஜெர்மனியின் ராணுவ வட்டாரம், எழுத்து அந்த வட்டாரத்தில் எந்த முகாம் என்பது. முகாம் மாற்றினாலும் பெரும்பாலும் பழைய எண்ணே தொடரும், எனவே வில்லையில் உள்ள முகாமிலேயே கடைசி வரை இருந்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியப் படையினர் பலர் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டவர்கள், 1942 ஜூனில் லிபியாவின் டோப்ருக் நகரம் விழுந்தபோது ஒரு இந்தியப் பிரிகேடே மாட்டியது. அவர்களில் பலரை முதலில் இத்தாலியில் வைத்திருந்து, 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்த பிறகு ஜெர்மானியர்கள் தங்கள் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். ஜெர்மனியில் அன்னபுர்க், பிரான்ஸில் எபினால் ஆகிய இடங்களில் இந்தியர்களை வைத்திருந்தார்கள். எபினால் முகாமில் 1944 மே 11 அன்று அமெரிக்க விமானங்களின் குண்டு விழ, அந்தக் குழப்பத்தில் நூற்றுக்கணக்கான இந்தியர்கள் தப்பி நடந்தே சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். உங்கள் வீட்டில் "தாத்தா சுவிஸ்ல இருந்தாரு" என்ற பேச்சு இருந்தால் அதைத் தட்டிவிடாதீர்கள். முட்டை வடிவ வில்லையில் 950 என்ற ரெஜிமெண்ட் எண் இருந்தால் அது வேறு கதை, நேதாஜி ஜெர்மனியில் உருவாக்கிய இந்தியப் படையின் எண் அது.

கைதிகளின் பதிவுகளுக்கு ஜெனீவாவில் உள்ள செஞ்சிலுவைச் சங்கக் காப்பகத்தைக் கேட்க வேண்டும். விண்ணப்பங்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் ஏற்கிறார்கள், படிவம் மூடியிருந்தால் சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள். மெட்ராஸ் சாப்பர் என்றால் பெங்களூர் எம்.இ.ஜி.யின் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) ரெக்கார்ட் ஆபீஸ் ஓசூரில் இருந்து எட்டும் தூரம்தான். படை எண், பிரிவு இரண்டும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும், அதையும் சேர்த்து அனுப்புங்கள். தேடும்போது மாவட்டம் என்ற இடத்தில் சேலம் என்று போடுங்கள். தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965-ல், கிருஷ்ணகிரி 2004-ல், போர்க்காலக் காகிதத்தில் இரண்டுமே சேலம் ஜில்லாதான். பெயரையும் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்திவிடாதீர்கள், முனுசாமியை வெள்ளைக்கார எழுத்தர் ஒரு விதமாகவும் ஜெர்மன் எழுத்தர் இன்னொரு விதமாகவும் எழுதியிருப்பார், அப்பா பெயரை முதல் பெயராகப் போட்டிருக்கவும் கூடும்.