பழைய நாற்சார் வீட்டை இரண்டு பேராகத் திருத்துவது எப்படி: கூரையில் தொடங்குங்கள்

பழைய வீட்டைத் திருத்தப் போகிறோம் என்றதும் எல்லாருக்கும் முதலில் மனதில் வருவது பெயின்றும் ரைல்ஸும்தான். இரண்டையும் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். யாழ்ப்பாணத்துக் கல்வீட்டைக் கெடுப்பது தண்ணீர். மேலிருந்து ஐப்பசி கார்த்திகை மழையாக வருகிறது, கீழிருந்து நிலத்து ஈரமாகச் சுவரில் ஏறுகிறது. இந்த இரண்டையும் கவனிக்காமல் எவ்வளவு காசு கொட்டினாலும் அடுத்த மாரியில் சுவர் பொருமிவிடும். நானும் என் கணவரும் கோண்டாவில் பக்கம் உள்ள அவருடைய அப்பாச்சியின் நாற்சார் வீட்டை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய வீட்டை, பெரும்பாலும் எங்கள் கையாலேயே திருத்தி வருகிறோம். அதில் கைகண்டவற்றைத்தான் எழுதுகிறேன்.

கூரை வேலைக்குச் சோளகக் காலம்தான் (தென்மேற்குக் காற்றுக் காலம்) நல்லது, மழைப் பயம் இல்லை. ஆனால் பத்து மணிக்குப் பிறகு காற்று பிடித்தால் தறப்பாளும் நிற்காது ஏணியும் நிற்காது, அதனால் விடியவே ஏறி, காற்று எழும்ப முதல் இறங்கிவிடுங்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கீழே நிற்பவர் ஏணியையும் பிடிக்க வேண்டும், ஓட்டையும் வாங்க வேண்டும், அது சும்மா நிற்கிற வேலை இல்லை. ஓட்டின் மேல் நேரே கால் வைக்காமல் பலகையைக் குறுக்கே போட்டு, பாரம் கூரையின் சாய்மரமான கைமரத்தில் இறங்குகிற மாதிரி நடவுங்கள். முழுக் கூரையையும் ஒரேயடியாகப் பிரிக்காதீர்கள். ஒரு நாளில் திரும்ப மூடக்கூடிய அளவு மட்டும், முகட்டிலிருந்து கீழ்நோக்கிக் கழற்றுங்கள். கழற்றிய ஒவ்வொரு ஓட்டையும் விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, சத்தம் அடைத்துக் கேட்டால் உள்ளே வெடிப்பு இருக்கிறது. புது ஓடு வாங்க முதல் பழையதன் அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள், ஏனென்றால் வேறு சூளை ஓடு கால் அங்குலம் பிசகினாலும் ஒன்றோடொன்று கொழுவாது, அந்த இடைவெளியால்தான் ஒழுகும். வீடு இடிக்கிற இடங்களில் பழைய ஓடு விற்பார்கள், அங்கே தேடுங்கள்.

ஓடு கழன்ற பிறகுதான் மரத்தின் உண்மை நிலை தெரியும். ஓடு கொழுவுகிற வைரமான பனஞ்சிலாகையை லேசில் கறையான் தொடாது. ஆனால் கூரையைத் தாங்குகிற நீள மரமான வளை சுவரில் குந்துகிற இடத்தில் ஈரம் தேங்கும், அங்கேதான் மண் கோடு கோடாக ஏறியிருக்கும். பெரிய ஆணியால் குத்துங்கள், சொதக்கென்று இறங்கினால் அந்தத் துண்டு போக வேண்டியதுதான். சிலாகை மாற்றுவதை நீங்களே செய்யலாம். முகட்டு வளையோ தீராந்தியோ (குறுக்கு உத்தரம்) என்றால் தச்சரைக் கூப்பிடுங்கள், முட்டுக் கொடுக்கத் தெரியாமல் அதில் கை வைக்கவே கூடாது. மரத்துக்குக் கழிவொயில் பூசுகிறவர்கள் கிணற்றடியில் ஒரு சொட்டும் சிந்தாமல் பாருங்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது நேரே தண்ணீருக்குப் போய்விடும். சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் தெரிந்து சனம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும்.

அடுத்து சுவர். எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம் இது. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை வருவதற்கு முந்திய வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அந்தச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் திரும்ப வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, கீழ் மூன்று அடி பொரிந்து கொட்டும். கொட்டிய இடத்தில் திரும்பவும் சீமெந்து பூசுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் சுவர் எந்த வகை என்று தெரியாவிட்டால் மூலையில் ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளை மாவாக உதிர்ந்து, இடையிடையே சுண்ணாம்புக் கட்டி தெரிந்தால் சுண்ணாம்புச் சாந்து.

சீமெந்துப் பூச்சை உளியால் மெதுவாகத் தட்டி எடுத்து, உப்பைத் தும்புத்தடியால் உலர்வாகக் கூட்டி அள்ளிவிட்டு, சுவரைச் சோளகத்தில் காயவிடுங்கள். பொறுமை இங்கேதான் தேவை. அப்புறம் நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. மணலைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தாலே உப்புத் தெரிந்துவிடும். சுண்ணாம்பைச் சில நாள் முன்னதாகவே தண்ணீரில் ஊறப் போடுங்கள். நீற்றாத கல்லாக வாங்கினால் தண்ணீருக்குள் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். சுவரை நனைத்துவிட்டு அரை அங்குலத்துக்கு மேற்படாமல் பூசி, ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். காற்றில் வேகமாகக் காய்ந்தால் மயிர்வெடிப்பு வரும். வெயில் விலகிய பக்கமாகப் பார்த்துப் பார்த்து வேலை செய்வது நல்லது. இதற்கு மேல் பிளாஸ்ரிக் பெயின்ற் வேண்டாம், தண்ணீர் மாதிரிக் கரைத்த சுண்ணாம்பு மூன்று தடவை போதும்.

நிலத்துக்கும் இதே நியாயம். பழைய சிவப்புச் சீமெந்து நிலம் நன்றாக இருந்தால் அதைத் தேய்த்து மெழுகு போடுங்கள். மேலே ரைல்ஸ் ஒட்டினால் அடியிலுள்ள ஈரம் சுவர்ப் பக்கம் இன்னும் தள்ளப்படும். நாற்சார் முற்றத்தில் விழுகிற மழைத் தண்ணீர் வெளியே போகிற வாய்க்காலையும், கூரைப் பீலியையும் ஆவணிக்கு முதல் துப்புரவாக்கிவிடுங்கள், செலவில்லாத வேலை, ஆனால் பாதிப் பிரச்சினை அதோடு தீரும்.

வயரிங்கில் கை வைக்காதீர்கள். பழைய துணி சுற்றிய வயரும் ஏர்த் இல்லாத பிளக்கும் இருந்தால், பூச்சு வேலைக்கு முதலே தகுதியுள்ள எலெக்றீசியனைக் கூப்பிட்டு மின் ஒழுகினால் தானாகவே நிற்கிற ட்ரிப் சுவிச்சோடு முழுவதும் மாற்றுவியுங்கள்.

குசினிப் பக்கம் அஸ்பெஸ்ரோஸ் சீற் இருந்தால் வெட்டவோ உடைக்கவோ வேண்டாம், தண்ணீர் தெளித்து முழுதாக இறக்குங்கள், தூசி நுரையீரலுக்குக் கேடு. இடம்பெயர்ந்து கனகாலம் ஆளில்லாமல் கிடந்த வளவென்றால் அலவாங்கு போட முதல் நிலத்தை வடிவாகப் பாருங்கள். போர்க்கால வெடிபொருள் போலச் சந்தேகமான இரும்பு எதுவும் கண்டால் தொடாமல் விலகி 119க்கு எடுத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.