சளிக்கு உப்புத் தண்ணீரில் மூக்கு கழுவுவது எப்படி?

ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் எங்கள் கடலூரில் வீட்டுக்கு ஒருவராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை கொண்டுவரும், நாலு நாளில் வீடே தும்மும். வைரஸால் வரும் இந்தச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது, உடம்புதான் அதை விரட்ட வேண்டும். அதுவரை மூக்கடைப்பையும் தொண்டையில் இறங்கும் கோழையையும் தணிக்க நான் நம்பியிருப்பது உப்புத் தண்ணீரை. யோகா வகுப்பில் ஜலநேதி என்று சொல்லித்தருவது இதைத்தான்.

"மூக்குல தண்ணி விட்டா எரியாதா?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. சில்வர் பீச்சில் அலை மூக்கில் ஏறியவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம், நம் உடம்பின் நீரிலோ ஏறக்குறைய 0.9 சதவீதம். உப்பே இல்லாத நல்ல தண்ணீர் ஏறினாலும் எரியத்தான் செய்யும். உடம்பில் உள்ள அளவுக்கு உப்பு கலந்துவிட்டால் எரிச்சல் அநேகமாக இருக்காது.

முதலில் தண்ணீர்

இந்த ஒன்றை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய்த் தண்ணீரை அப்படியே நேதிப் பாத்திரத்தில் ஊற்றி மூக்கைக் கழுவிய இரண்டு பேர் இறந்துபோனார்கள். காரணம் நெக்லேரியா ஃபவ்லேரி என்ற அமீபா. அது இருக்கும் தண்ணீரைக் குடித்தால் நோய் வராது. மூக்கின் மேல்பகுதிக்குப் போனால் நரம்பு வழியாக மூளைக்கு ஏறிவிடும். 2024இல் கேரளத்தில் பிள்ளைகள் சிலரைப் பலிகொண்ட மூளைக்காய்ச்சலுக்கும் தண்ணீரில் வாழும் அமீபாக்கள்தான் காரணம். மிக அபூர்வமான நோய்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அரிது.

என் மாமியார் கேட்டார்: "கேன் தண்ணிதானேம்மா, அதை எதுக்குக் கொதிக்க வைக்கிற?"

"குடிக்கிறதுக்கு அது போதும் அத்தை. மூக்குல விடுறதுக்குப் போதாது."

கேன் தண்ணீரோ, ஆர்.ஓ. தண்ணீரோ, போர் தண்ணீரோ, எதுவானாலும் கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதி வந்தபிறகு குறைந்தது 1 நிமிடம் கொதிக்க வேண்டும். நான் 5 நிமிடம் விடுகிறேன். பிறகு மூடிவைத்துத் தானாக ஆறவிடுங்கள். குளிக்க விளாவுகிற பழக்கத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆற்றிவிடாதீர்கள், காய்ச்சியதே வீணாகிவிடும். சூடு பார்க்க விரலை விடவும் வேண்டாம். மணிக்கட்டில் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

உப்பு

அரை லிட்டருக்கு 4.5 கிராம், அதாவது தலைதட்டிய முக்கால் டீஸ்பூன் தூள் உப்பு. தண்ணீர் கொதிக்கும்போதே போட்டுவிடுங்கள். மரக்காணத்துக் கல்லுப்பு குழம்புக்கு அருமை, இதற்குச் சரிப்படாது. கல் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பதால் ஸ்பூன் அளவு பிடிக்காது, தூசியும் இருக்கும். அயோடின் சேர்க்காத தூள் உப்பு கிடைத்தால் நல்லது, அயோடின் சிலருக்கு உறுத்தும். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் இன்னும் இதமாக இருக்கும். நாக்கில் வைத்தால் கண்ணீர் மாதிரி கரிக்க வேண்டும். அளக்கத் தயங்குகிறவர்களுக்கு மெடிக்கல் ஷாப்பில் அளந்து கட்டிய பொட்டலங்கள், அமுக்கும் பாட்டிலோடு சேர்த்தே கிடைக்கின்றன.

கழுவும் விதம்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாஷ்பேசின் மேல் குனியுங்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மேலே இருக்கும் நாசியில் பாட்டிலின் மூக்கை வையுங்கள். வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்கள். மெல்ல "ஆ..." என்று சொல்லிக்கொண்டிருந்தால் தண்ணீர் தொண்டைக்குள் இறங்குவது குறையும். பாட்டிலை மெதுவாக அமுக்கினால் மறு நாசி வழியாகத் தண்ணீர் வெளியே வரும். முதல் தடவை பாதி வாய்க்கு வந்துவிடும். பதறாமல் துப்பிவிடுங்கள். ஒரு பக்கத்துக்குப் பாதி பாட்டில் போதும், பிறகு மறுபக்கம்.

முடிந்ததும் குனிந்தபடியே லேசாகச் சிந்துங்கள். இரண்டு நாசியையும் அழுத்திப் பிடித்துப் பலமாகச் சிந்தினால் தண்ணீர் காதுப் பக்கம் ஏறிக் காது அடைத்துக்கொள்ளும். படுக்கப்போகும் நேரத்தில் செய்ய வேண்டாம், ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். உள்ளே தங்கிய நீர் தொண்டையில் இறங்கி இருமல் வரும்.

சளி இருக்கும் நாட்களில் நான் காலையும் மாலையும் கழுவுகிறேன். 2019இல் வெளியான எடின்பரோ ஆய்வில் இதைவிட உப்பு கூடின நீரால் மூக்கைக் கழுவி வாயும் கொப்பளித்தவர்களுக்குச் சளி சராசரியாக 1.9 நாள் முன்னதாகத் தீர்ந்தது, வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுவதும் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் எனக்கு அது தெம்பு தந்தது.

காதிலோ மூக்கிலோ அண்மையில் ஆபரேஷன் செய்தவர்கள், காதில் சீழ் உள்ளவர்கள், அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறவர்கள், விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். மூச்சுத் திணறல், கண்ணைச் சுற்றி வீக்கம், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், பத்து நாளாகியும் தீராத சளி என்றால் பாட்டிலை வைத்துவிட்டு நேரே டாக்டரிடம் போங்கள்.

மீந்த நீரைக் கொட்டிவிடுங்கள். பாட்டில் ஆளுக்கு ஒன்று. சோப்பில் கழுவி, காய்ச்சிய தண்ணீரில் அலசி, கவிழ்த்து வையுங்கள். இந்த ஊர் மழையில் ஒரே பாட்டில் மாலைக்குள் காய்வதில்லை. அதனால் எனக்கு மட்டும் இரண்டு வைத்திருக்கிறேன்.